ஆறு செய்யும் வேலை

1831-இல் லூயி அகாசி என்ற சுவிஸ் இயற்கையியலாளர், பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு மீனின் உடலை ஆராய்ந்து பெயர் வைத்தார். அதைக் கடல்மீன் என்று எண்ணி, கடல்மீன்களின் பேரினம் ஒன்றில் சேர்த்தும்விட்டார். அது தென்னமெரிக்க ஆறுகளின் மீன். அமேசான், சொலிமோயெஸ், உக்கயாலி, ரியோ நீக்ரோ என்று மெதுவாக நகரும் தண்ணீரில், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளின் அடியில் ஒதுங்கி வாழ்வது. பின்னால் வந்தவர்கள் அதை அதற்குரிய குடும்பத்தில் சேர்த்தார்கள். அஸ்ட்ரோனோட்டஸ் ஒசெலாட்டஸ் என்பது இன்றைய பெயர். மீன் வளர்ப்பவர்களுக்கு அது ஆஸ்கார்.

அதன் இடத்திலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தால் ஆஸ்காரின் உடம்பில் பாதி நமக்குப் புரியாது. வாலின் அடியில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம். ஒரு கண் போலவே இருக்கும். வாங்க வருபவர்கள் அதை அழகு என்கிறார்கள், அழகுதான். ஆனால் அது யாரை நோக்கித் திறந்திருக்கும் கண்? அந்த ஆறுகளில் பிற மீன்களின் வாலையும் துடுப்பையும் கடித்துத் தின்கிற பிரான்ஹா வகைகள் உண்டு. பின்னாலிருந்து வரும் பிரான்ஹாவை இந்தப் பொய்க்கண் குழப்பித் தள்ளி நிறுத்துகிறது என்ற விளக்கத்தை 1990-இல் கிர்க் வைன்மில்லர் என்ற சூழலியலாளர் எழுதினார். வீட்டுத் தொட்டியில் பிரான்ஹா இல்லை. கண் மட்டும் இருக்கிறது, வராத எதிரியைப் பார்த்தபடி.

இந்த மீனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்கும் இடம் இதுதான். ஓர் ஆறு எதிர்பார்த்த உடம்பு இது. ஆற்றை விட்டு வந்த பிறகும் உடம்பு ஆற்றையே எதிர்பார்க்கிறது. தொட்டி வைப்பவர் என்ன செய்தாலும், செய்யாமல் விட்டாலும், அந்த எதிர்பார்ப்பின் எதிரேதான் நிற்கிறார்.

இரண்டு ஆஸ்கார்கள் மோதிக்கொள்வதைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு முறை இருப்பது தெரியும். எடுத்தவுடன் கடிக்காது. பக்கவாட்டில் திரும்பி நின்று தன் அளவைக் காட்டும். துடுப்புகளை விறைத்து நிறுத்தும், செவுள் மூடிகளை விரிக்கும், வாலால் தண்ணீரை அடித்து எதிராளியின் உடம்பில் அதிர்வை ஏற்றும். இதிலேயே தன்னைவிடப் பெரியது எது என்று தெரிந்து பல சண்டைகள் முடிந்துவிடுகின்றன. முடியாதபோது வாயோடு வாய் கவ்வித் தள்ளிப் பார்க்கும். தோற்ற மீன் பிறகு செய்வதுதான் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. அது நிறம் மாறுகிறது. உடல் ஏறக்குறைய முழுக் கறுப்பாகி, ஒழுங்கில்லாத வெளிர் பட்டைகள் குறுக்கே எழும். அந்த நிறத்தைக் கண்டால் வென்ற மீனின் மூர்க்கம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தனை தெளிவான சமாதான ஏற்பாடு ஒரு மீனிடம் இருக்கிறது.

ஆற்றில் அதற்கு அடுத்த கட்டம் ஒன்று உண்டு. தோற்றது விலகிப் போய்விடும். ஒரு கிளைக்கு அப்பால், ஒரு வளைவுக்கு அப்பால், கலங்கலுக்குள். அத்துடன் விஷயம் முடிந்தது. தொட்டியில் அந்தக் கடைசிக் கட்டம் இல்லை. தோற்றேன் என்று உடம்பெல்லாம் கறுத்துச் சொன்ன மீன், சொன்ன பிறகும் வென்ற மீனின் கண்ணெதிரேதான் நிற்கிறது. மூலையில் நிற்கலாம், ஃபில்டர் குழாயின் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் பார்வையை விட்டுப் போக முடியாது. அது அங்கே நிற்பதே மறுபடியும் ஒரு சவாலாகிவிடுகிறது. வென்றது திரும்ப வந்து அடிக்கிறது. வால் கிழிகிறது, செதில் உதிர்கிறது, தோற்ற மீன் இரை எடுப்பதை நிறுத்துகிறது. “இது கொடூரமான மீன் சார்” என்று கடையில் சொல்வார்கள். கொடூரம் மீனிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போக இடமில்லாத இடத்தில் அது இருக்கிறது.

ஆகவே ஆஸ்கார் எதனுடன் சேரும், எதனுடன் சேராது என்ற கேள்வியை நான் கன அடியில் இருந்துதான் தொடங்குவேன். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் இரண்டு அங்குலக் குஞ்சுகளாக வாங்கி விடப்படும் ஆஸ்கார்கள் முதல் வருடத்தில் மாதத்துக்கு ஓர் அங்குலம்கூட வளரும். தொட்டிகளில் ஓர் அடி வரை வளர்வது சாதாரணம்; இயற்கையில் 45 செ.மீ. வரை பதிவாகியிருக்கிறது. ஓர் அடி மீன் ஓர் அடி அகலத்தில் திரும்புவதற்கே உடம்பை வளைக்க வேண்டும். தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று ஒரு பேச்சு நெடுநாளாகச் சுற்றுகிறது. நின்று போகும் வளர்ச்சி, கெட்ட தண்ணீரில் நலிந்த உடம்பின் அடையாளம். அதை மீனின் சமர்த்து என்று சொல்லக்கூடாது.

ஓர் ஆஸ்காருக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது நியாயமான தொடக்கம். சுமார் 255 லிட்டர். தண்ணீர், கண்ணாடி, கூழாங்கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். வாடகை வீட்டின் மாடியில் இதை எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டுத்தான் குஞ்சைக் கை நீட்டிக் காட்ட வேண்டும். தளத்தில் கூரான கல் வேண்டாம், உருண்டையான ஆற்றுக் கூழாங்கல் போதும். ஆஸ்கார் அதை வாயால் அள்ளி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். செடி நட்டால் பிடுங்கிவிடும். மேலே கனமான மூடி அவசியம், குதிக்கும்.

வீட்டுக்கு வருகிற உறவினர் யாராவது தவறாமல் சொல்வார்கள்: “பாவம், ஒத்தையா கெடக்கே! ஜோடி ஒண்ணு வாங்கி விடக் கூடாதாப்பா?” அன்பில் சொல்வது. தனிமையை நாம் மனிதர்களிடமிருந்து அறிந்திருக்கிறோம், அதை அப்படியே கண்ணாடிக்குள் ஊற்றிவிடுகிறோம். ஆஸ்காரில் ஆண், பெண் வேறுபாடு வெளியே தெரியாது. எனவே கடையில் ஜோடி என்று வாங்கும் இரண்டு மீன்கள் பெரும்பாலும் யாரோ எவரோ. நான்கடித் தொட்டியில் இரண்டு முன்பின் அறியாத ஆஸ்கார்கள் என்பது, வளர்ந்த பிறகு, ஒன்று அடிப்பதற்கும் மற்றொன்று அடிபடுவதற்குமான ஏற்பாடாகவே பல வீடுகளில் முடிகிறது. உண்மையான ஜோடி வேண்டுமென்றால் ஐந்தாறு குஞ்சுகளை மிகப் பெரிய தொட்டியில் சேர்த்து வளர்த்து, அவையே தேர்ந்துகொள்ள விட்டு, மற்றவற்றுக்கு வேறு இடம் தேட வேண்டும். சேர்ந்த ஜோடி கல்லைத் துடைத்து ஆயிரத்துக்கும் மேல் முட்டையிட்டு இரண்டும் காவல் நிற்பதைப் பார்ப்பது பெரிய அனுபவம்தான். அதற்குப் பெரிய வீடும் பெரிய பொறுமையும் வேண்டும். தனியாக இருக்கும் ஆஸ்கார், நல்ல தண்ணீரில், தன் வீட்டாரைக் கண்டு முன்கண்ணாடிக்கு ஓடி வந்து நிற்கும் மீன். அதைப் பாவம் என்று சொல்லத் தேவையில்லை.

வேறு இன மீன்களைச் சேர்ப்பதில் விதி எளிது: வாய்க்குள் போகிற எதுவும் இரை. கப்பி, டெட்ரா எல்லாம் ஓர் இரவுக்குள் காணாமல் போகும். உடல் அகன்ற சில்வர் டாலர்கள் கூட்டமாகத் திரிந்தால் ஆஸ்காருக்கும் அச்சம் குறைகிறது. செவரம், ஜியோபேகஸ் போன்ற சாதுவான தென்னமெரிக்க மீன்களும் பெரிய தொட்டியில் ஒத்துப்போகும். மூர்க்கமான ஃபிளவர்ஹார்ன் மீனைச் சேர்க்கவே கூடாது. ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீனைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது தவறான நம்பிக்கை. தின்ற அளவுக்குக் கழிவும் போடுகிறது. இரவில் சும்மா கிடக்கும் ஆஸ்காரின் பக்கங்களில் ஒட்டி, வழவழப்பான மேற்பூச்சைச் சுரண்டித் தின்பதும் உண்டு. சிறிய சக்கரை ஆஸ்கார் விழுங்க முயன்றால் அது முட்களை விறைத்துத் தொண்டையில் பூட்டிக்கொள்ளும். இரண்டும் சாகக்கூடும்.

தூரம் தர முடியாத இடத்தில் மறைவு தரலாம். தொட்டியின் நடுவே ஒரு பெரிய மரக்கட்டையை நிறுத்தி, இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியாதபடி செய்துவிட்டால் சண்டை குறைவதைக் காணலாம். புது மீனை விடும் நாளில் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்து விடுவது பழக்கமுள்ளவர்கள் செய்வது. பழைய மீனின் எல்லைகள் கலைந்து, இரண்டும் புது இடத்துக்கு வந்தவை ஆகிவிடுகின்றன. அதுவும் உதவாவிட்டால் நடுவே தடுப்பு வைக்க வேண்டும், தயங்கக் கூடாது.

தூரம் தருவதைத் தவிர ஆறு செய்யும் மற்றொரு வேலை, கழிவைக் கொண்டுபோவது. மீன்கள் தங்கள் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. ஆஸ்கார் பெருந்தீனிக்காரன், கழிவும் அதற்கேற்ப. ஆற்றில் அது போய்க்கொண்டே இருக்கும். தொட்டியில் மீன் தன் கழிவையே மறுபடியும் மறுபடியும் செவுளில் வாங்குகிறது. ஃபில்டரின் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தக் குடியேற்றத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி வருபவர்களின் மீன் முதல் மாதத்தில் சாவது இதனால்தான். பழைய, ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு துண்டு அழுக்குப் பஞ்சைக் கேட்டு வாங்கிப் புது ஃபில்டரில் வைத்தால் காத்திருப்பு குறையும். பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போலத்தான் அது. அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசிவிட்டால் உள்ளே இருப்பவை குளோரினில் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வைக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றொன்று அவ்வளவு தீங்கில்லாதது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். 8 ஆனால் ஐந்து பங்கைத் தாண்டும். வெப்பம் 30 டிகிரி ஆனால் ஏழு பங்கைத் தாண்டும். ரியோ நீக்ரோவின் கரும்நீரில் பி.எச். 5-க்கும் கீழே. அங்கிருக்கும் மீனை நாம் பி.எச். எட்டை ஒட்டி நிற்கும் போர் தண்ணீரில், சித்திரை வெயிலில் வளர்க்கிறோம். ஆஸ்கார் கடினத் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும், அந்த விஷயத்தில் அது தாராளமான மீன். அமேசானில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு அம்மோனியா இங்கே செவுளை எரித்துவிடும் என்பதுதான் வித்தியாசம். பி.எச். குறைக்கும் திரவங்களை ஊற்றி ஆடவைப்பதைவிட, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ தண்ணீரை மாற்றுவது மேல். நைட்ரேட்டைக் குறைக்கவும் அதுவே எளிய வழி. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து போட்டுத்தான் ஊற்ற வேண்டும். வாரம் நூறு லிட்டர் தண்ணீர் என்பது கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களில் சின்ன விஷயமில்லை. அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு விடலாம், நன்றாக வளரும். ஆனாலும் வீட்டுக்கே தண்ணீர் போதாத இடத்தில் ஆஸ்கார் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமேசானின் வெள்ளச் சமவெளி ஏரிகளில் இரவில் பிராணவாயு வெகுவாகக் குறைந்துவிடும். ஆஸ்கார் தன் உடலின் இயக்கத்தையே தணித்துக்கொண்டு அதை மணிக்கணக்கில் கடக்கும். பெரிய மீன் குஞ்சைவிட நன்றாகவே கடக்கிறது. எனவே கரண்ட் போன இரண்டு மணி நேரத்தில் முதலில் திணறுவது மீன் அல்ல, மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள். நீண்ட மின்வெட்டுக்குப் பின் கேனிஸ்டரைத் திறந்து பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுவது நல்லது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அமேசானில் மனாஸ் அருகே ஆறு ஆண்டுதோறும் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. வெள்ளம் ஏறும்போது காட்டுக்குள் நுழையும் மீன்கள் கரையில் இருந்த பூச்சிகளையும் விழும் பழங்களையும்கூடத் தின்கின்றன. இறாலும் சிறுமீனும் பூச்சியும் புழுவுமாகப் பருவத்துக்கொரு இரை. அந்த வகைமையை நாம் ஒரே டப்பாவில் அடைக்கப் பார்க்கிறோம். ஆஸ்காரால் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரையில் கிடைக்காவிட்டால் செவுளும் முதுகெலும்பும் கோணிப்போகும். கடையில் விற்கும் நல்ல பெல்லட் இரையில் அது சேர்க்கப்பட்டிருக்கும், ஆனால் திறந்து வைத்த டப்பாவில் நாளாக நாளாக அழியும். மலிவு என்று பெரிய பை வாங்காமல் சிறியதாக வாங்கி வேகமாகத் தீர்ப்பது நல்லது. அவ்வப்போது தோலுரித்த இறால், மண்புழு. கோழி ஈரலும் மாட்டிறைச்சியும் பழக்கமாகக் கூடாது. அந்தக் கொழுப்பு மீனின் ஈரலில் படியும். உயிருள்ள தங்கமீன்களை இரையாக விடுவதை நான் வெறுக்கிறேன், இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். தங்கமீனின் உடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது, தொடர்ந்து தின்னும் மீன் நலிகிறது. அதோடு அவை கடைத் தொட்டியின் நோய்களையும் கொண்டுவருகின்றன. பார்ப்பவர்களின் கிளர்ச்சிக்காக இரண்டு உயிர்களைக் கெடுப்பது அது.

ஆஸ்கார் வைத்திருப்பவர்கள் அஞ்சும் நோய், தலையில் விழும் குழிகள். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும், தண்ணீரின் அதிர்வை உணரும் சிறு துளைகள் அரித்துப் பெரிதாகி வெள்ளைக் குழிகளாகும். குடலில் வாழும் ஒரு வகை ஒட்டுண்ணியைக் காரணம் என்பவர்கள் உண்டு. அதே ஒட்டுண்ணி திடமான மீன்களிலும் காணப்படுகிறது. சத்துக் குறைவு, நைட்ரேட் ஏறிய பழந்தண்ணீர், ஓயாத அச்சம் என்று பல சேர்ந்துதான் பெரும்பாலும் அது வருகிறது. மெட்ரோனிடசோல் கொடுத்துப் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரும் இரையும் மாறாமல் மருந்து மட்டும் நின்று காப்பாற்றியதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆரம்பத்தில் கவனித்தால் குழிகள் ஆறும், தழும்பு மிஞ்சும். உணர்வுத் துளைகள் வழியே முதலில் தேய்வது, தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அறியும் உறுப்பு. அதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

இதற்கு நேர்மாறாக, பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்த அன்று, அல்லது கல்லை இடம் மாற்றிய அன்று, ஆஸ்கார் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். நிறம் மங்கும், இரை போட்டாலும் எழாது. செத்துவிட்டது என்றே தோன்றும். மூச்சு சீராக இருந்து, தண்ணீரும் சரியாக இருந்தால், விட்டுவிட வேண்டும். ஒரு நாளில் எழுந்து வரும். அந்த நேரத்தில் கல்லுப்பு, மெத்திலீன் நீலம், ஆன்டிபயாடிக் என்று வரிசையாகக் கொட்டி ஃபில்டரையும் கொன்று மீனையும் கொன்ற வீடுகள் எத்தனையோ. விலகிப் போக வழியில்லாத மீன், இருந்த இடத்திலேயே விலகிக்கொள்கிற விதம் அது என்று நான் நினைக்கிறேன். அதற்கு அந்த ஒரு நாளைத் தர வேண்டும்.

நன்றாக வைத்துக்கொண்டால் ஆஸ்கார் பத்து வருடம், அதற்கு மேலும் வாழும். மூன்றாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டுக் கேட்ட மீன், அவன் கல்லூரி போகும்போதும் வீட்டில் இருக்கும். வேலை மாற்றம், வீடு மாற்றம், அலுப்பு எல்லாம் இடையில் வரும். அப்போது ஏரியில் விட்டுவிடலாம், பாவம், சுதந்திரமாக இருக்கட்டும் என்ற எண்ணம் எழுகிறது. இதுவும் அன்பிலிருந்து எழுவதுதான், ஆனால் மிகவும் தவறானது. நம் சந்தைகளில் குவியும் ஜிலேபிக் கெண்டை ஆஸ்காரின் சொந்தம், அதே சிக்லிட் குடும்பம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் இன்று குளம், ஏரி, அணை எல்லாவற்றிலும் நிறைந்து, உள்ளூர்க் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கர் மீனும் ஏரிகளில் பரவி, வலையில் சிக்கி, முள்ளால் வலையைக் கிழிக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1950-களிலிருந்து ஆஸ்கார் கால்வாய்களில் நிலைத்துவிட்டது. 13 டிகிரியை ஒட்டிய குளிரில் அது செத்துப்போகும் என்பதால் வடக்கே பரவ முடியவில்லை. நம் சமவெளிகளில் அந்தக் குளிரும் இல்லை.

வைத்துக்கொள்ள முடியாத மீனைப் பெரிய தொட்டி உள்ள இன்னொருவரிடம் கொடுக்கலாம், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்கலாம்; பல கடைக்காரர்கள் பணம் தராவிட்டாலும் மீனை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இந்தத் துன்பத்தில் பெரும்பகுதி வாங்கும் நிமிடத்திலேயே தடுக்கக்கூடியது. சென்னைக் கொளத்தூரிலும் மற்ற ஊர்களிலும் மீன் கடைத் தொட்டிகளின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் விலை எழுதி ஒட்டியிருப்பார்கள். அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது: ஓர் அடி வளரும், பத்து வருடம் வாழும், நான்கடித் தொட்டி வேண்டும். மீன் விற்கும் ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒரு வரியைத்தான். விற்பனை கொஞ்சம் குறையும். வாங்கிச் செல்பவர் அடுத்த மாதமும் பெல்லட் வாங்க வருவார்.